மூக்குப் பக்கமா, காதுப் பக்கமா

மானாம்பதிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த தாமோதரன் தண்ணீருக்காக இரண்டு முறை ஆழ்துளைப் போர் போட்டார். இரண்டு முறையும் கல்மாவுதான் வந்தது. மூன்றாவது போருக்கு பிரிஸ்கில்லாவை எதிரில் நிறுத்தாமல் போர் வண்டியை நிலத்தில் இறக்குவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

பிரிஸ்கில்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும்போது ஒண்ணரைக்கண்ணு என்று கூப்பிட்ட அதே ஊர், மாறுகண் பட்டால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்ட பிறகு, டிராக்டர் வாங்கினாலும் கடை திறந்தாலும் காலனிக்கு ஆள் அனுப்பி அவளை வரவழைத்தது. வீட்டுக்குள் வா என்று ஒருநாளும் சொல்லாதவர்கள்கூட வாசலில் வந்து நில்லு என்றார்கள். ஒரு கிரிக்கெட் பைனலில் அவள் சும்மா ஓரமாக நிற்கப்போக, எங்களைத்தான் பார்த்தாள் என்று இரண்டு டீமும் கட்டிப் புரண்டு, கடைசியில் கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வதென்று பேசி முடித்தார்கள்.

அப்படிப்பட்ட கண்ணை அவள் ஆபரேஷன் செய்து நேராக்கிக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தி தாமோதரன் காதில் விழுந்தபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபரேஷன் வியாழக்கிழமை. போர் வண்டியோ பழையசீவரத்தில் வேறு ஒருவர் நிலத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். செய்தி கேட்ட அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனார். அவள் அப்பா ஐசக் எத்தனையோ வருஷம் தாமோதரன் நிலத்தில் நாற்று பறித்தவர். ஆனாலும் தாமோதரன் அந்த வீட்டு வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. ஐசக் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"பத்து நாளு தள்ளிப் போடு பாப்பா. தண்ணி வந்ததும் நானே காரு வெச்சு இட்டுக்கினு போறேன்."

பிரிஸ்கில்லா அப்போதுதான் ஒரகடம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். "முடியாதுண்ணா. நா ஒருத்தர் மூஞ்சப் பாத்து பேசினா, அவரு பின்னால திரும்பி யாரு நிக்கறாங்கன்னு பாக்குறாரு. பொறந்ததுலேர்ந்து இதே பேஜாரு."

தாமோதரன் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்.

ஆனால் விடுகிற ஆள் இல்லை. வியாழக்கிழமை காலை நாஷ்டாகூடச் சாப்பிடாமல், ஆபரேஷன் நடக்கவிருந்த காஞ்சிபுரம் கண்ணாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். சீட்டு வாங்கினால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொன்னதால் தன் பேரிலேயே ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் இளம்பெண். பிரிஸ்கில்லா கண்ணை முழுசாக நேராக்காமல் அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் விட்டுவைக்க முடியுமா என்று அவரிடம் மெதுவாகக் கேட்டார். மீன் நறுக்குகிறவரிடம் தலையை மட்டும் தனியாக வைக்கச் சொல்கிற பக்குவத்தில் கேட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. மாறுகண்ணில் அதிர்ஷ்டமும் இல்லை, தோஷமும் இல்லை, கண்ணை இழுத்துப் பிடிக்கிற தசை சம்பந்தப்பட்ட கோளாறுதான் என்று விளக்கினார். குழந்தையாக இருக்கும்போதே காட்டியிருந்தால் பிரிஸ்கில்லாவின் இடது கண்ணில் பார்வையும் நன்றாக இருந்திருக்கும், அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்று வளரவிட்டதில் பார்வை மங்கிவிட்டது, இப்போது கண்ணை நேராக்கலாம், போன பார்வையைக் கொண்டுவருவது கஷ்டம் என்றார். சீட்டு வாங்கிவிட்டாரே என்று தாமோதரன் கண்ணையும் சோதித்தார். வலது கண்ணைச் சின்ன மட்டையால் மறைத்து எடுத்தார். மறுபடி மறைத்து எடுத்தார். அப்புறம் வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றார் தாமோதரன். அது தனக்கு எடுப்பாக இருப்பதாக அவர் எண்ணம்.

"உங்களுக்கும் மாறுகண் இருக்கு. அசந்தா வலது கண்ணு வெளிப்பக்கமா போகுது."

தாமோதரனுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மூஞ்சியில் சொத்து இருக்க, ஊரான் வாசலில் போய் நின்றோமே என்று பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டில் மனைவி வளர்மதியிடம் சொன்னபோது அவளுக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கியது. தன்னிடம் பேசும்போதெல்லாம் இவர் எதிர்வீட்டைப் பார்க்கிறார் என்று கல்யாணமான நாளிலிருந்து மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவள் அவள். பாரம் இறங்கிய தெளிவில் இன்னொன்றும் சொன்னாள்.

"மொத ரெண்டு போருக்கும் நீங்கதான எதுருல நின்னுக்கினு இருந்தீங்க?"

இந்தக் கேள்வி எப்படியோ டீக்கடைக்குப் போய்விட்டது. அங்கே அரை நாள் விவாதித்து, கண் மூக்குப் பக்கம் போனால் அதிர்ஷ்டம், காதுப் பக்கம் போனால் தரித்திரம் என்று தீர்ப்பாயிற்று. மறுநாளிலிருந்து தாமோதரன் எதிரில் வந்தால் பைக்குகள் சந்தில் திரும்பின. நாற்று நடவு நடந்த கழனியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போகச் சொன்னார்கள். பால் வாங்கப் போனால் கறந்து முடிக்கும்வரை மாட்டுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். ஒரு வாரத்தில் மனுஷன் பாதியாக இளைத்துப் போனார்.

போர் வண்டி வந்த அன்று சொந்தக்காரர்கள் அவரை வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். அதே வேளையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரிஸ்கில்லா, அங்கே வேலைக்கு வந்திருந்த அப்பாவைக் கூப்பிட வந்தாள். ஊரே அவளைச் சூழ்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் காட்டச் சொன்னது. கழற்றினாள். சிவப்பு இன்னும் போகவில்லை, ஆனால் இரண்டு கண்ணும் நேராக இருந்தன. அவள் தாமோதரனைப் பார்த்து, எப்படி இருக்கீங்கண்ணா என்றாள். அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல், நல்லா கீறேன் பாப்பா என்றார். ஒரு வாரமாக யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழாயில் சேறு பொங்கி, அப்புறம் தண்ணீர் பீறிட்டது. நேரான கண்ணால் வந்தது என்றார் ஒருவர். கூட்டம் ஏற்கவில்லை. தாமோதரன் முதுகைக் காட்டியதால் வந்தது என்பதே பெரும்பான்மை முடிவு.

அன்று சாயங்காலமே வசந்த்குமார் என்பவர் இடுப்பில் பேத்தியோடு வந்தார். புது டிராக்டர் வருகிறது, தாமோதரன் வந்து கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்றார். தாமோதரன் குழந்தையைப் பார்த்தார். ஒரு கருவிழி மூக்கோரம் ஒதுங்கியிருந்தது. எங்க வீட்டு மகாலட்சுமி என்று வசந்த்குமார் பெருமையாகச் சொன்னார்.

"மொதல்ல கொயந்தய கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் காட்டு. காட்டிட்டு வந்தாத்தான் என் முதுகு வரும்."

வசந்த்குமார் முனகிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். முதுகுக்காரர் மசியவில்லை. திங்கட்கிழமை குழந்தையைக் காஞ்சிபுரம் கூட்டிப்போய், குட்டிக் கண்ணாடி ஒன்றுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்கள். புதன்கிழமை தாமோதரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், சொன்ன சொல் தவறாமல் முதுகைக் காட்டி நின்றார். டிராக்டர் என்ன நிறம் என்று வளர்மதி கேட்டதற்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.