மூன்றாவது மாடி அக்கா

அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் நானும் தம்பியும் சட்டை வாங்க வந்தவர்கள் மாதிரி நடிக்க வேண்டும்.

அது பெரிய துணிக்கடை. மூன்றாவது மாடியில் குழந்தைகள் பிரிவு. அங்கே கண்ணாடி மேசைகளுக்குப் பின்னால், நீலச் சீருடையில், கடை திறந்ததிலிருந்து மூடும்வரை உட்காராமல் நிற்கிற பெண்களில் ஒருத்தி எங்கள் அம்மா. கல்யாணமாகாத பெண்களைத்தான் அங்கே வேலைக்கு எடுப்பார்கள். பிள்ளை குட்டி இருந்தால் காய்ச்சல், இருமல் என்று லீவு கேட்பார்களாம். அதனால் அம்மா தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லி, வயதிலும் ஏழெட்டைக் கழித்துவிட்டு, உள்ளே போய்விட்டாள். மேல்மாடியில் ஹாஸ்டல். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வெளியே விடுவார்கள்.

அப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு, சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதுதான் அவர் வேலை. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் பளபளவென்று ஆக்கிய மனிதர், எங்கள் சுவருக்கு ஒருநாளும் பிரஷ் எடுத்ததில்லை. இப்போது அதையே நாள்முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று சில நேரம் எனக்குத் தோன்றும், பிறகு பாவமாக இருக்கும்.

முதல் மாத லீவில் வந்தபோது அம்மா எங்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"கடைல என்னைப் பாத்தா அக்கான்னுதான் கூப்பிடணும். நானும் உங்களை வாங்க போங்கன்னுதான் பேசுவேன். யாரும் சிரிக்கக் கூடாது. வேலை போச்சுன்னா நாம நடுத்தெருவுல நிக்கணும், புரியுதா?"

வாலு அப்போதே சிரித்துவிட்டான். வாலு என் தம்பி. ஐந்து வயது, பேருக்கேற்ற பிள்ளை. நான் அவனுக்கு அக்கா, பன்னிரண்டு வயது. எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. அம்மாவை வீட்டிலேயே வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு விளையாட்டு வாய்க்குமா என்று கொஞ்சம் கர்வம்கூடப் பட்டுக்கொண்டேன்.

ஒரு தடவை அப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அம்மா அவரைப் பார்த்து, "வாங்க சார், என்ன பாக்குறீங்க?" என்றாள். அவர் முகம் விழுந்துவிட்டது. லிஃப்டைப் பார்த்து நடந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினார்.

தனியாக வரும் பிள்ளைகளை வாசல் காவலாளி விடமாட்டார். அதனால் ஆள் நிறைந்த குடும்பம் ஒன்று வரும்வரை காத்திருந்து, அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவோம். சூப்பர்வைசர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து அம்மாவின் மேசைக்கு வருவோம். அந்த ஆளுக்குப் பூனை என்று பெயர். அவர் வருவது யாருக்கும் கேட்காது.

"வாங்க, என்ன பாக்குறீங்க?"

"தம்பிக்குச் சட்டைக்கா."

"தம்பிக்கு என்ன வயசு?"

கேட்பவள் அவனைப் பெற்றவள். "அஞ்சு" என்று நான் சொல்வேன்.

"அப்பாவுக்கும் ஏதாவது பாக்குறீங்களா?"

"அவருக்கு இடுப்புதான் இன்னும் சரியா வரலைக்கா."

பிறகு வாலுவைத் திரும்பி நிற்கச் சொல்வாள். சட்டையை அவன் முதுகில் வைத்து, இரண்டு கையாலும் தோளை அழுத்தி, அப்படியே இடுப்புவரை மெதுவாக நீவுவாள். அது சரியில்லை என்று இன்னொன்று. அதுவும் சரியில்லை என்று மற்றொன்று. ஒரு சட்டைக்கு அத்தனை அளவு எந்தக் கடையிலும் பார்க்கமாட்டார்கள். வாலு கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

நான் குழந்தைகள் பிரிவைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். என் அளவு துணியெல்லாம் இரண்டாவது மாடியில். என்னைத் தொடுவதற்கு அம்மாவிடம் ஒரு சாக்கும் இல்லை. நான் மேசையின் இந்தப் பக்கம் நின்றபடி, "பிடிக்கலைக்கா, அப்புறம் வரோம்" என்று சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டு, பிரித்துப்போட்ட சட்டைகளை மடிக்க ஆரம்பிப்பாள். பிரித்துக் காட்டி ஒன்றும் விற்கவில்லையென்றால் பூனையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்களைப் பார்த்த நாளிலெல்லாம் அவள் திட்டு வாங்கினாள்.

இதிலே இன்னொரு கூத்து, அங்கே எங்கள் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் சாக்ஸ் விற்கிற அக்கா, தன் சித்தப்பா மகனைத் தலையில் கட்டிவிடுவதென்று ஒற்றைக்காலில் நின்றாள். "பையன் தங்கம். என்ன, கொஞ்சம் சொட்டை" என்பாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, அவள் தோளில் இடித்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்தவள் எப்போதும் அலுத்துக்கொண்ட ஒரு அம்மா. இது யாரோ ஒரு பெண். எனக்கு வயிறு எரிந்தது. பஸ்ஸில் வரும்போது இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்ல முடியாது. வாலுவுக்குப் புரியாது. வேறு யாரும் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் ஒருநாள் போனோம். மூன்றாவது மாடியில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் நுழைந்து அம்மாவின் மேசைக்கு வந்தால், அவளுக்கு முன்னால் வேறொரு பையன் திரும்பி நின்றுகொண்டிருந்தான். வாலு வயதுதான். கொழுகொழுவென்று இருந்தான். அவன் அம்மா பக்கத்தில் பையோடு நின்றாள். எங்கள் அம்மா சட்டையை அவன் முதுகில் வைத்து, தோளை அழுத்தி நீவி, "என் ராஜாவுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க" என்றாள்.

வாலு என் கையை உதறினான். மேசைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா! இது எங்கம்மா! அவன் இல்ல!"

அந்த மாடியே திரும்பிப் பார்த்தது. சாக்ஸ் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. பூனை அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை போலிருக்கிறது. எங்கிருந்தோ வந்து நின்றார்.

"யாரும்மா இந்தப் பையன்?"

அம்மா சட்டையைப் பிடித்திருந்த இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள், வாலு மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"தெரியலைங்க சார்" என்றாள்.

"உன்னைத்தானே அம்மாங்கறான்?"

"தெரியலைங்க சார். யாரோ கஸ்டமர் குழந்தை." பிறகு குனிந்து, அவனையே கேட்டாள். "தம்பி, உங்க அம்மா எங்க?"

வாலு அவளை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அழுகைகூட வரவில்லை. இது விளையாட்டு இல்லை என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. வேலை போகப்போகிறது, நடுத்தெரு என்று அவள் சொன்னது எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஓடியது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"என் தம்பிதான் சார். எங்கம்மா செத்துட்டாங்க. அவங்க சாயல்ல யாரைப் பாத்தாலும் இப்படித்தான் ஓடுவான்."

அவ்வளவு சரளமாக எனக்கு அதற்குமுன் பொய் வந்ததில்லை. பையோடு நின்ற அந்தம்மா "அடப் பாவமே" என்று தன் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். பூனையின் முகம்கூட மாறிவிட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"சரி சரி, நிக்கிறியே. கொஞ்சம் தூக்கி சமாதானப்படுத்தும்மா. பச்சைப் பிள்ளை."

அம்மா வாலுவைத் தூக்கிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும், கேட்பாரில்லாமல், முதன்முதலாக. அவன் முகத்தைத் தன் தோளில் வைத்து முதுகைத் தட்டினாள். சாக்ஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவனைத் தூக்கியபடி என் பக்கமாக நடந்து வந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறவளைச் செத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணால் ஒரு முறைப்பாவது முறைப்பாள், வீட்டுக்கு வந்தபிறகு முதுகில் ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். நிஜமாகவே, அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது.

அவள் உதடு அசையாமல், "நல்லா சொன்னே" என்றாள்.

அவள் முகத்தில் நிம்மதிதான் இருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வாலு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான்.

"அம்மா செத்துட்டாங்களா?"

"இல்லடா. சும்மா சொன்னேன்."

"அப்ப தூக்கினவங்க யாரு?"

"அம்மாதான்."

"அம்மான்னா எதுக்கு என்னைத் தெரியலைன்னாங்க?"

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். நல்லவேளை.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவராவது திட்டுவார் என்று பார்த்தேன். "வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்குச் சோறு வடித்தது, பாத்திரம் கழுவியது எதுவும் எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் நான்தான் செய்திருப்பேன். அந்த வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. மூன்று பேர் இருந்தோம், ஆனாலும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பாடு சுலபமாகிவிட்டது. அம்மா இல்லாத பிள்ளைகள் என்று மூன்றாவது மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. வாசல் காவலாளியே எங்களை லிஃப்டில் ஏற்றிவிடுவார். சாக்ஸ் அக்கா மிட்டாய் வைத்திருப்பாள். பூனை எங்களைப் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். அம்மா வாலுவை வேண்டிய மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளலாம், சட்டைகூடப் பிரிக்க வேண்டியதில்லை. இந்த யோசனை முதலிலேயே வராமல் போயிற்றே என்றுதான் அம்மாவுக்கு வருத்தம். வாலு அவள் இடுப்பில் சமர்த்தாக உட்கார்ந்து, யாரென்று கேட்டால் "அக்கா" என்றான், கேட்காவிட்டால் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தான். முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை. வாலு என்ற பெயர் அவனுக்குப் பொருந்தாமல் போய்விட்டது.

அந்த மாத லீவில் அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் தரையைக் கழுவிவிட்டாள், அப்பாவுக்கு இடுப்பில் தைலம் தேய்த்தாள், என் தலையை வாரிவிட்டாள். அவள் விரல் தலையில் படும்போது தலையைக் குனிந்துகொண்டேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாலு ஓடிப்போய்த் திறந்தான். ஹவுஸ் ஓனரம்மா. மாடியில் இருப்பவர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று சொல்ல வந்திருந்தார்.

"என்னடா, உங்கம்மா வந்திருக்காங்களாமே? எங்க, கூப்பிடு."

வாலு கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உடம்பால் வழியை மறைத்து நின்றான்.

"எங்கம்மா செத்துட்டாங்க" என்றான்.

தெளிவாகச் சொன்னான். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். முகத்தைக்கூட அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டிருந்தான்.

ஹவுஸ் ஓனரம்மா அவன் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். சீப்பைப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள். "அடச்சீ, வாயைக் கழுவுடா!" என்று அவன் வாயில் பட்டென்று ஒரு அடி வைத்தார். "குத்துக்கல்லாட்டம் உள்ள நிக்கிறாங்க, பெத்தவளைப் பாத்து என்ன பேச்சு இது? யார்டா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

எனக்கு வர வேண்டிய அடி. நான் அத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்த திட்டு. அது யாரோ ஒருவரிடமிருந்து அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாலு அழவில்லை. வாயைத் தடவிக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்லாதானே சொன்னேன்?" என்றான்.

அம்மா சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கக் கையை நீட்டினாள். அவன் அவளையும், வாசலில் நிற்கிறவரையும் மாறி மாறிப் பார்த்தான். தூக்க விடலாமா கூடாதா, இவள் இப்போது யார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஓடிவந்து என் பின்னால் நின்றுகொண்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா நீட்டிய கையோடு நின்றாள். நான் குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டேன். நல்ல கனமாக இருந்தான்.