கிளிஃபின் பாட்டு

ஹல் துறைமுக நகரத்து மதுக்கடையின் மாடியறையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. நாட்டுப்பாடல் மன்றத்தை நாற்பதாண்டு நடத்திய கிளிஃப் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. அவனுடைய நினைவுக் கூட்டத்திற்கு மாவிஸ் ஒரேயொரு பாட்டைப் பாடுவதற்காகவே வந்திருந்தாள்.

மீன்பிடிக் கப்பலில் சமையற்காரராயிருந்த அவளுடைய தந்தை கற்றுக்கொடுத்த பாட்டு அது. ஒருவர் மன்றத்துக்கு வந்துகொண்டிருக்கும்வரை அவருடைய பாட்டை வேறொருவர் தொடலாகாது என்பது அங்கே எழுதப்படாத விதி. தாயின் நோயினால் மாவிஸ் ஓராண்டு வராதிருந்தபோது கிளிஃப் அதை எடுத்துக்கொண்டான். "நீதான் வரவே இல்லையே, மாவிஸ்" என்று சிரிக்கவும் செய்தான். அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் பின்வரிசையில் அமர்ந்து, பல்லவியை மட்டும் கூட்டத்தோடு பாடினாள்.

வாசலில் பாடுவோரின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த டெரெக்கிடம் சென்றாள்.

"என் பேரையும் போட்டுக்க டெரெக். எங்கப்பா பாட்டு."

"கிளிஃபோட பாட்டா? ஐயோ, அத இனிமே யாரும் பாடக்கூடாதுன்னு கமிட்டில முடிவாயிடுச்சும்மா. பல்லவிய மட்டும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாடுறோம். அவனுக்கு ஒரு மரியாதை."

"எங்கப்பாவுக்கு?"

"இன்னிக்குப் போய் வம்பு பண்ணாத. அந்தக் குருவிப் பாட்டப் பாடேன், சிரிப்பா இருக்கும்."

கூட்டம் எழுந்து நின்று பல்லவியைப் பாடி முடித்தது. அனைவரும் அமர்ந்தனர், மாவிஸ் மட்டும் அமரவில்லை. முதற்சரணத்தைத் தொடங்கினாள். சரணம் முடிந்ததும் வழக்கம்போலக் கூட்டத்திற்காக ஒரு நொடி காத்திருந்தாள். குடித்துவிட்டு உளறுகிறவனைக்கூடப் பல்லவியில் தனியே விடாத அறை அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று சரணங்களையும், மூன்று பல்லவிகளையும் அவளே பாடினாள்.

கிளிஃபின் நண்பன் ரெஜ் அருகில் வந்து தோளைத் தட்டினான்.

"நல்லாத்தான் பாடுற. மூணாவது சரணத்துலதான் கோட்டை விட்டுட்ட. கப்பலக் காப்பாத்தினது கேப்டன், சமையல்காரன் இல்ல. கிளிஃப் இருக்கும்போதே கேட்டுப் படிச்சிருக்கலாம்ல?"

மாவிஸ் மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். அவள் பாதிப் படி இறங்குவதற்குள் மேலே ரெஜ் மூன்றாவது சரணத்தைத் திருத்திப் பாடத் தொடங்கினான். கமிட்டியின் முடிவை யாரும் அவனுக்கு நினைவூட்டவில்லை. பல்லவி வந்தபோது அறை முழுவதும் சேர்ந்துகொண்டது.