தங்கச்சியின் நடு அறை

என் புருஷனுக்கு மூளை உண்டு, கண் கிடையாது. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

1987-இல் சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்த என் புருஷன் நூகு, இனி திரும்பப் போவதில்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ்! கல்யாணமானதிலிருந்து நான் அவரோடு குடும்பம் நடத்தியது தபாலில்தான். அங்கே ஓய்வு நேரத்தில் பெரிய கம்ப்யூட்டரில் அவர் ஒரு கெர்னல் எழுதியிருந்தார். எந்த நிரலுக்கு மெமரியில் எந்த இடம் என்று பங்கு போட்டுக் கொடுப்பது அதுதானாம். அதை, கூடக் கொண்டுவந்திருந்த சின்னக் கம்ப்யூட்டரிலும் ஓடவைத்தால் பெங்களூர் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும். சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள். ஓடாவிட்டால் மறுபடியும் தம்மாம்.

ஓடவில்லை. மூன்று நிரல் வரை பதவிசாக ஓடும். நாலாவதைப் போட்டதும் திரை முழுக்கக் கிறுக்கல், அப்புறம் பேச்சுமூச்சு இருக்காது. திரையில்தான் கோளாறு என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். புதுத் திரை வாங்கினார், அதிலும் அதே கிறுக்கல். வியாழக்கிழமை காலையில் பழைய திரையையும் அட்டைப் பெட்டிகளையும் நடு அறையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்.

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடு பெண்மக்களுக்கு. முன்னறையும் அடுப்படியும் என் பங்கு. நடு அறை, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சி கமர் நிஷாவுக்கு.

"யாரைக் கேட்டு அங்க வெச்சீங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

"நம்ம சாவியப் போட்டேன், தொறந்துச்சு. சாமான வெச்சேன், இருந்துச்சு. அதுக்கென்ன புள்ள?"

"சாவி சேந்தா உங்க ரூமாயிடுமா? நாளைக்கு அவ கட்டிலும் பீரோவும் வருது. உங்க பொட்டியெல்லாம் அப்பளமா நொறுங்கும், பாத்துக்குங்க!"

வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவர், சட்டென்று கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ திட்டு" என்றார். அதற்கென்ன பஞ்சம்? திட்டினேன். பாதியில் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டார்.

பிறகுதான் விளக்கினார். தம்மாம் கம்ப்யூட்டரில் திரை தனி; மெமரி ஒரே நீளமாக முழுக்கக் கெர்னலுக்கு. இந்தக் கம்ப்யூட்டரில் நடுவே ஒரு துண்டு திரைக்குச் சொந்தம். அவருடைய கெர்னலோ ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணை எழுதிப் படித்துப் பார்க்கும். அதே எண் திரும்ப வந்தால் தன் இடம் என்று எடுத்துக்கொள்ளும். திரையின் துண்டும் எழுதியதைத் திருப்பித் தரும். அதை நம்பிக் கெர்னல் நாலாவது நிரலை அங்கே குடிவைத்துவிட்டது. அந்த நிரல்தான் திரையில் கிறுக்கலாகத் தெரிந்தது. அதன்மேல் திரை தன் எழுத்தை எழுதியதும் நிரல் செத்தது.

"எழுதுனா நிக்குதான்னு பாத்தேன். யாரு எடம்னு கேக்கலியே, புள்ள."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்த நேரம் தவிர நாற்காலியை விட்டு எழவில்லை. எந்தெந்தத் துண்டு தனக்குரியது என்று கெர்னலுக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். நாலாவது நிரலை அது திரையின் துண்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் முன்னால் நாலும் ஓடியது, ஐந்தாவதும் ஓடியது. சந்தோஷத்தில் நான் தேத்தண்ணியைக் கோப்பை வழிய ஊற்றிவிட்டேன். அப்போது வந்தவர்களில் பெரியவர் சொன்னார்: "ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் மெமரி ஒவ்வொரு விதமா இருக்கு. எல்லாத்துக்கும் இத மாத்தித் தர நீங்களே பெங்களூர் வந்துடுங்க."

போகாமல் இருக்கத்தானே இத்தனை பாடும்!

அவர்கள் போனதும் என் உம்மா சமாதானம் சொன்னாள். "தம்மாமுக்குப் பெங்களூர் எவ்வளவோ கிட்ட. மாப்பிள்ள மாசம் ஒருக்கா வந்துட்டுப் போவாரு."

நூகு கம்ப்யூட்டர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையும் வான்னு கூப்புட மாட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஷரீபு!" என்று உம்மா என்னைப் பார்த்து அலறினாள். "நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பள வீட்ட வுட்டுப் போயிருக்கா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் உம்மா. ஊரா எங்கூடக் குடும்பம் நடத்துது?"

சொல்லிவிட்டு அழுதேன். உம்மாவும் அழுதாள். அவர் மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டு டிக்கெட் எடுக்கட்டுமா?"

"பின்ன, ஒண்ணா?" என்றேன்.