ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கம்ப்யூட்டர்

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். காலை ஒன்பது மணிக்கே வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து மனு எழுதிக்கொண்டிருந்தாள் எழிலரசி. பதினாறு வருஷமாக அதே இடம். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, தெரு விளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று வாராவாரம் எத்தனையோ பேருடைய குறைகள் அவள் கையெழுத்தில்தான் உள்ளே போயின.

இப்போது அவளிடம் வருகிறவர்கள் கம்மி. எதிர்வரிசைக் கடையில் ஒருவர் லேப்டாப் வைத்துக்கொண்டு டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். அவளுக்கும் முன்போல முடியவில்லை. பத்தாவது மனுவைத் தொடும்போதே கட்டைவிரல் மரத்துவிடும். விரலை உதறிக்கொண்டு மறுபடி பேனாவைப் பிடிப்பாள்.

டைப்ரைட்டிங் அவளும் படித்தவள்தான். தமிழில் லோயர் பாஸ். கீழ்பென்னாத்தூரில் மூடிவிட்ட ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு பிரிண்டரை மலிவாக வாங்கியும் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர்தான் இல்லை. வீட்டு முன்னறையில் ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே டைப் அடித்துக் கொடுத்துவிடலாம், வெயிலில் உட்கார வேண்டியதில்லை என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். ஆடித் தள்ளுபடி. கம்ப்யூட்டர் முழு செட் 9,999 ரூபாய். பழைய விலை 24,000 என்று போட்டு அதை அடித்திருந்தது. கீழே சிவப்பு எழுத்தில், ஒரு வருட வாரண்டி, ஞாயிறு வரை மட்டும்.

அவள் புருஷன் அன்பரசன் மினி வேன் ஓட்டுகிறவன். நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த விலைக்கு நல்ல போனே கிடைக்காது. இதுல இன்னா இருக்கும்? இருந்தாலும் உனக்குத் தெரியாததா, நீயே பாத்து முடிவு பண்ணு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் திருவண்ணாமலைக்குப் போனாள். தேரடித் தெருவைத் தாண்டி உள்ளே இருந்தது கடை. விற்பனைக்கு நின்ற பையன் பெயர் விமல்ராஜ். இருபத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து நின்ற களைப்பில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவள், டைப்பிங்குக்கு வேண்டும் என்று அவள் சொன்னதும், சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடமாகச் சொன்னான்.

"டைப்பிங்குக்கு இது தாராளமா போதும்க்கா. வேகமா இருக்கும்."

"புதுசுதானே தம்பி?"

"புது பீஸ் மாதிரிதாங்க்கா."

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வருஷம் வார்த்தைகளோடு பிழைத்தவள். ஒரு சொல் மாறினால் நிலம் கைமாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். "மாதிரின்னா? புதுசா, பழசா? பில்லுல புதுசுன்னு எழுதித் தருவீங்களா?"

விமல்ராஜ் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முதலாளி தருமன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "என்னம்மா, பத்தாயிரத்துக்குப் பத்திரம் எழுதித் தரச் சொல்றீங்களா? காலையில இருந்து முப்பது பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க. யாரும் இப்படிக் கேக்கல. நம்பிக்கை இல்லன்னா விட்டுடுங்க, அடுத்த ஆளு நிக்கிறாங்க."

பின்னால் நிஜமாகவே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் உச்சுக்கொட்டினார். எழிலரசிக்கு முகம் சுட்டது. எதையும் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீங்க என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். ஆனால் இன்றைக்கு விட்டால் மறுபடி அடுத்த வருஷம். விரல் வலி வேறு. இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களே என்ற ஒரு சமாதானம் போதுமாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தாள். பில்லில் 'கம்ப்யூட்டர் செட் 1' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை.

பதினெட்டு நாள் அது ஓடியது. அந்தப் பதினெட்டு நாளும் வீட்டு முன்னறையில் ஆள் வந்தது. அன்பரசன் கூட ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்காமலே விரல்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "ஆபீஸர் மாதிரி இருக்கியே" என்றான். பத்தொன்பதாம் நாள் திரை நீலமாகி நின்றது. அணைத்துப் போட்டால் விசிறி மட்டும் சுற்றியது. பிறகு அதுவும் நின்றது. மறுநாள் தருவதாகச் சொன்ன நாலு மனுக்கள் அதற்குள்ளேயே போயின. அவள் உட்கார்ந்து அவற்றைக் கையால் எழுதி முடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சி.பி.யு. பெட்டியைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். தருமன் பில்லை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "படிச்சீங்களா? பயன்படுத்திய பொருளுக்கு ஏழு நாள்தான். மதர்போர்டு போயிருக்கு. மாத்தினா நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்."

"நோட்டீஸ்ல ஒரு வருஷம்னு போட்டிருந்தீங்களே."

"அது புது மாடலுக்கும்மா. இதைப் புதுசுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லைதான். மாதிரி என்றுதான் சொன்னார்கள். சண்டை போட வந்தவளுக்குச் சண்டை வரவில்லை. பில்லை மடித்துக் கைப்பையில் வைத்தாள். விமல்ராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தான். அதை வைத்துவிட்டுத் திரும்பப் போனவனிடம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, அன்னிக்கே இது பழசுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி நின்றான். கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஆட்டோ கிளம்பிவிட்டது.

வீட்டில் அன்பரசன் கேட்டதற்கு, "ரிப்பேருக்குக் குடுக்கணும், பாக்கலாம்" என்றாள். ஊரில் கேட்டவர்களிடம் கரண்ட் சரியில்லை என்றாள். மனு எழுதுகிறவளே ஏமாந்துவிட்டாள் என்று தெரிந்தால் நாளைக்கு யார் தன்னிடம் வருவார்கள் என்று நினைத்தாள். பெட்டியின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு திங்கட்கிழமைகள் போயின. மூன்றாவது திங்கள், பாஞ்சாலை என்கிற பெண்ணுக்கு வீட்டுமனைப் பட்டா மனு எழுதிக்கொண்டிருந்தாள். மனுவின் மேல் ஒரு நிழல் விழுந்தது. விமல்ராஜ் நின்றிருந்தான்.

"அக்கா, ஒரு மனு எழுதணும்."

"என்ன மனு?"

"எங்க கடை மேல."

எழிலரசி பேனாவை நிறுத்தினாள். அவன் தரையிலேயே உட்கார்ந்தான்.

"பெங்களூர்ல ஆபீசுங்க கழிச்சுப் போட்ட சிஸ்டம்க்கா அதெல்லாம். பத்து வருஷம் ஓடினது. போர்டை எடுத்துப் புது டப்பாவுல போட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவோம். நான்தான் ஒட்டுவேன். பழசு வாங்குறது தப்பில்லக்கா. பழசுன்னு சொல்லி, டெஸ்ட் பண்ணி, அதுக்கேத்த விலைக்குக் குடுத்தா நாலு வருஷம் கூட ஓடும். நாங்க சொல்லல. அன்னிக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரியும்னு சொல்ல வாய் வரல."

"இப்ப எப்படி வந்துச்சு?"

"கத்திட்டுப் போறவங்களப் பாத்திருக்கேன். அவங்க போனதும் மறந்துடும். நீங்க கத்தல. அதுக்கப்புறம் யாராவது புதுசான்னு கேட்டா எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது. போன வாரம் ஒருத்தர்கிட்ட பழசுதாங்கன்னு சொல்லிட்டேன். முதலாளி அப்பவே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாரு." அவள் மடியிலிருந்த அட்டையைப் பார்த்தான். "நீங்க கேஸ் குடுத்திருந்தா சாட்சி சொல்லலாம், இல்லன்னா நானே மனு குடுக்கலாம்னுதான் வந்தேன். குடுத்திட்டீங்களா?"

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல."

"ஏன்க்கா?"

"வெக்கமா இருந்துச்சு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பாஞ்சாலை, தன் மனுவை மறந்துவிட்டுச் சொன்னாள். "இன்னாக்கா இது. பிரிட்ஜு வாங்கி நானும் இப்படித்தான் ஏமாந்தேன். எனக்குப் படிப்பில்ல, அதான் ஏமாத்திட்டான்னு இத்தினி நாளா என்னையே திட்டிக்கினு கெடக்கறேன். நீயே ஏமாந்திருக்கன்னா, அப்ப தப்பு என் மேல இல்ல, அவன் மேலதான்."

எழிலரசி அவளையே பார்த்தாள். தான் மூடி மறைத்தது தன் மானத்தை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். உண்மையில் அது தருமனின் பொய்யைத்தான் மறைத்திருக்கிறது. அவள் வாயை மூடியிருந்த இந்த நாட்களில் இன்னும் எத்தனை பேர் அந்தக் கடைக்குள் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாள்.

பாஞ்சாலையின் மனுவை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்தாள். அனுப்புநர் என்ற இடத்தில் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பெயரை எழுதினாள். நோட்டீஸில் இருந்தது என்ன, வாயால் சொன்னது என்ன, பில்லின் பின்பக்கம் இருந்தது என்ன என்று வரிவரியாக எழுதினாள். கோபமான ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. சாட்சி என்ற இடத்தில் விமல்ராஜ் கையெழுத்துப் போட்டான். அதை மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று கலெக்டர் ஆபீசுக்கு, ஒன்று நுகர்வோர் ஆணையத்துக்கு. மூன்றாவதைப் பதிவுத் தபாலில் கடைக்கே அனுப்பினாள்.

கடைக்குப் போன தபாலே வேலை செய்தது. பத்து நாளில் தருமன் ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். புகாரை வாபஸ் வாங்கும்படி சொல்லியும் அனுப்பினார். எழிலரசி மறுத்துவிட்டாள். அதன்பின் அந்தக் கடைப் பலகையில் 'பயன்படுத்திய கம்ப்யூட்டர்' என்ற சொல் வந்தது. விமல்ராஜுக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் கம்மிதான். யாரிடமும் எதையும் விற்க வேண்டியதில்லை என்று சொன்னான்.

கார்த்திகைக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அவனைக் கூட்டிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனாள். பழைய கம்ப்யூட்டர்தான், பதிமூன்றாயிரம். முன்னதைவிட ஜாஸ்தி. ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று விமல்ராஜ் திரையிலேயே போட்டுக் காட்டினான். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். "பழையது, எந்த வருஷத்து மாடல், ஆறு மாசம் வாரண்டி. மூணையும் பில்லுல எழுதிக் குடுங்க" என்றாள் எழிலரசி.

கடைக்காரர் முகம் சுளித்தார். "எங்கயாவது ஏமாந்துட்டு வந்தீங்களாம்மா?"

பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமாங்க, ஏமாந்தேன். ஏமாறுறது அவமானம் இல்ல. கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு கேக்காம வாங்குறோம், சொன்னா சிரிப்பாங்களோன்னு சொல்லாம விடறோம். நம்ம கூச்சத்தை வச்சுத்தாங்க அடுத்த ஆளையும் ஏமாத்துறாங்க. நீங்க நேர்மையா விக்கிறீங்கன்னா, எழுதிக் குடுக்க என்ன கஷ்டம்?"

கடைக்காரர் பில் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் முன்னே நகர்ந்து வந்து, "எனக்கும் அந்த மாதிரியே எழுதிடுங்க" என்றார்.