சந்திரகலாவின் சால்வியா பாத்தி

எண்பத்திரண்டில் வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது சுற்றிலும் பொட்டல். என் மனைவி சந்திரகலா அந்தப் பொட்டலோடு மல்லுக்கட்டினாள். அவள் தம்பி பெங்களூரிலிருந்து கொண்டுவந்த சால்வியா பூச்செடி விதையைத் தூவி, நாற்றுப் பிடுங்கி நட்டு, கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் புதராக்கினாள். வாடிய பூங்கதிரை உடனே நறுக்கிவிடுவாள். அப்போதுதான் அடுத்த கதிர் வருமாம். மார்கழியில் வாசல் முழுக்க ஒரே சிவப்பு. எனக்குச் சோறு தாமதமானாலும் செடிக்குத் தண்ணீர் தாமதமாகாது.

அந்தப் பூவைப் பார்க்கத் தினமும் வந்தவள் பக்கத்து வீட்டுத் தனம். குழந்தை இல்லாதவள் என்று தெருவில் யாரும் அவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவள் கூசாமல் நுழைந்த ஒரே வீடு எங்களுடையது. ஒருநாள் கதிர்களைப் பார்த்து அவள் மெய்மறந்து நிற்க, "அப்படிப் பாக்காதடி, கண்ணு பட்டுடப் போவுது" என்று சந்திரகலா கேலி செய்தாள். தனமும் சேர்ந்து சிரித்தாள்.

தை பிறந்ததும் இலை ஓரங்கள் கருகின. பிறகு எல்லாக் கதிர்களும் ஒன்றாகத் தலை தொங்கின. வேரழுகலோ என்று ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரடியில் கரைந்தும் கரையாமலும் கல் உப்பு. மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தால் அப்படிக் கரித்தது. செடிக்கு உப்பு வைக்கும் அளவுக்கு எங்கள்மேல் யாருக்கு என்ன பகை?

நான் காட்டியதும் சந்திரகலா தெருவாசலுக்குப் போய், உப்பு வைத்த கை விளங்காமல் போகட்டும் என்று தெருவுக்கே கேட்கும்படி சபித்து, அந்தப் பாத்தி மண்ணையே வாரித் தூற்றினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த தனம், வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"நான்தான்க்கா போட்டேன். என் கண்ணு பட்டுடப் போவுதுன்னு, வெள்ளிக்கிழம நீங்க கோயிலுக்குப் போனப்புறம் உப்பு சுத்திப் போட்டுத் தண்ணி ஊத்துவேன். உப்பு கரைஞ்சா திருஷ்டியும் கரைஞ்சிடும்னு சொல்வாங்க இல்ல? அப்பவும் வாடவே, பத்தலையோன்னு ஜாஸ்தியா போட்டேன்."

தூற்றிய கையைச் சந்திரகலா முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உள்ள வாடி" என்றாள்.

தனம் வரவில்லை. வந்ததிலிருந்து அவள் செடிகளின் பக்கம் திரும்பவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முகத்தைத் தெருப்பக்கமே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இனிமே நான் பாக்காம இருந்தா, பொழச்சுக்குமாக்கா?"