எந்தக் கன்னம்

எங்களோடு படம் பார்க்க வரும் சுப்பிரமணியத்தின் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை. என் வீட்டுக்காரர் பரஞ்சோதிக்குப் பழைய படங்கள் மறக்க ஆரம்பித்துவிட்டன என்று, கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலமில் இருக்கும் என் மகன் சத்தியசீலனுக்குப் போன் போட்டுச் சொன்னது அவர்தான். சொன்னதோடு விட்டாரா? இடது எது வலது எது என்றே தெரியாமல் தடுமாறுகிறார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிற்று. இடம் வலம் குழம்பினால் அசட்டையாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மகன் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாடாங் செராய்க்கு வந்து இறங்கிவிட்டான். நேரில் பார்ப்பானாம். விஷயம் உண்மையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். அடுக்குமாடி வீடு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத இடம். அங்கே இவர் யாரோடு உட்கார்ந்து படம் பார்ப்பார்? 

எங்கள் படக்கூட்டம் ரஹ்மத்தின் சாப்பாட்டுக் கடை மாடியில் கூடும். பழைய படங்கள் மட்டும்தான். சும்மா பார்த்துவிட்டு எழுந்து போகிற கூட்டமில்லை இது. முக்கியமான கட்டத்துக்குச் சற்று முன்னால் ரஹ்மத் படத்தை நிறுத்துவார். அடுத்து யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள், எந்தக் கையில் என்ன இருக்கும் என்று கேள்வி வரும். தப்பாகச் சொன்னவருக்கு அடுத்த வாரம் வரைக்கும் கேலிதான்.

வசனம் என்றால் இவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடுவார். பக்கம் கேட்டால்தான் தப்பு. அதிலும் சின்ன வயதில் எஸ்டேட் திடலில் பார்த்த படமென்றால் ஒவ்வொரு தடவையும் தப்பு. சுப்பிரமணியம் அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணியின் மகன். அவருக்கு ஒன்றுகூடத் தப்பாது.

அன்று மழையில் சுவர் ஊறிப்போயிருந்ததால் ரஹ்மத் அறையின் நடுவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சத்தியசீலன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தான். பெற்ற தகப்பனை இப்படியா வேவு பார்ப்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

முதல் கேள்வி, நாயகன் எந்தக் கையால் கத்தியை உருவுவான் என்பது. இவர் இடது கை என்றார். படம் ஓடியது. வலது கை. சுப்பிரமணியம் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

அடுத்து அண்ணன் தம்பியை அறைகிற கட்டம். நிறுத்த வேண்டாம் என்று நான் ரஹ்மத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு கையை எடுத்துவிட்டார். சுப்பிரமணியம் விடவில்லை, நிறுத்தச் சொன்னார்.

"பரஞ்சோதி, எந்தக் கன்னம்?"

"வலது கன்னம்," என்றார் இவர், துளியும் தயங்காமல்.

அறை இடது கன்னத்தில் விழுந்தது. அவர் கண்ணாலேயே பார்க்கட்டும், திரும்பப் போடு என்றார் சுப்பிரமணியம். அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. டீ ஊற்றுகிற சாக்கில் எழுந்து, துணிக்குப் பின்னால் பிளாஸ்க் இருந்த மேசைக்குப் போனேன்.

அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் இடது கையை ஓங்கினான். அறை தம்பியின் வலது கன்னத்தில் விழுந்தது.

இவர் எதையும் மறக்கவில்லை. பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த எஸ்டேட்டில் இவர் வளர்ந்த கீழ் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்குக் கோயிலிலும் தண்ணீர்க் குழாயிலும் சாதி பார்த்துத் தனி இடம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். படத்துக்கும் அப்படித்தான், திரைக்குப் பின்னால்தான் இடம் என்று இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள். எங்கள் திடலில் எல்லாரும் ஒரே புல்லில்தான் உட்கார்ந்தோம்.

இதைச் சொன்னால் மகன் விட்டுவிடுவான். ஆனால் இவர் இத்தனை காலம் மூடி வைத்தது சுப்பிரமணியம் முன்னால் உடையும். பிளாஸ்க்கைக் கீழே வைத்தேன்.

"போதும்பா," என்று மகன் சொல்வது கேட்டது. "நாளைக்கே கெளம்பலாம்."

இவர் வீட்டை விட்டுப் போனாலும் போவார், இதைச் சொல்லமாட்டார். அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"சத்தியா, துணிக்குப் பின்னால வா. ரஹ்மத், அதையே இன்னொரு வாட்டி போடு தம்பி."

மகன் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தான். முடிந்த பிறகும் அப்படியே நின்றான். பிறகு அப்பாவிடம் போய்க் குனிந்தான்.

"நீங்க இந்தப் பக்கம் ஒக்காந்துதான் பாத்தீங்களாப்பா? ஏன் சொல்லல?"

"கீழ் லயத்துக்கு முன்னால எடம் இல்லடா," என்றார். "இங்க எல்லாரும் முன்னால ஒக்காந்து பாத்தவங்க. நானும் அப்படியே பாத்ததா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். ஷா ஆலமுக்குக் கிளம்புகிற பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை. சுப்பிரமணியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திடலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, துணிக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

"போடு ரஹ்மத்," என்றார் இவர். "இனிமே பக்கம் கேட்டா மாத்திச் சொல்லிக்கிறேன்லா."

"ஒண்ணும் மாத்த வேணாம்," என்றேன். "நீங்க பாத்தபடியே சொல்லுங்க."

கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ரஹ்மத் பழக்கத்தில் படத்தை நிறுத்திவிட்டார். கேள்வி கேட்க யாரும் வாய் திறக்கவில்லை. இவரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வண்டி எடது பக்கமாப் போகும்," என்றார். பிறகு, கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "பின்னால ஒக்காந்து பாத்தவங்களுக்கு."