வெள்ளை எழுத்தில் பதினோராம் அத்தியாயம்

போன மாதம் மூன்று நாவல்கள் படித்தேன். மூன்றிலும் பார்வையில்லாத பெண் ஒருத்தி வருகிறாள். முதல் நாவலில் அவளுக்கு வேலையே காதலனின் முகத்தைத் தடவிப் பார்ப்பதுதான். நானும் பிறவியிலேயே பார்வையில்லாதவள். வயது முப்பத்தைந்து. இதுவரை ஒரே ஒரு ஆணின் முகத்தைத்தான் தடவியிருக்கிறேன், அதுவும் பஸ் சடாரென்று நின்றதால். அந்த மனுஷன் இறங்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். இரண்டாவது நாவலில் அவள் காலடிச் சத்தத்தை வைத்தே கொலைகாரனைப் பிடித்துக் கொடுக்கிறாள். என் பக்கத்து நாற்காலியில் எட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால், வாயைத் திறக்கும்வரை அவன் யாரென்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் இப்படியேதான் என் குரலில் பதிவுசெய்து மாதாமாதம் இணையத்தில் போடுகிறேன். கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பகலில் எனக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எட்டு மணி நேரம் தேன் ஒழுகப் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, நாவல் என்று வந்துவிட்டால் என் வாய் கட்டுப்படுவதில்லை. சில எழுத்தாளர்கள் நான் வருகிறேன் என்று தெரிந்தால் இலக்கியக் கூட்டத்துக்கே வருவதில்லையாம். வராமல் போகட்டும், நஷ்டம் எனக்கில்லை.

மூன்றாவது நாவல் என் அண்ணன் எழுதியது.

அண்ணன் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். இது அவனுடைய முதல் நாவல். "அண்ணன் தங்கச்சி கதை, பாப்பா. தங்கச்சி உன்னை மாதிரி ஒருத்தி. தப்பா எழுதியிருந்தா நீயே சொல்லிடு" என்று போனில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியீட்டு விழா. முதலில் பேசப்போவது நான். அழைப்பிதழில் என் பெயரையும் போட்டுவிட்டான். அச்சடித்த புத்தகம் எனக்கு உதவாது என்பதால், பக்கம் அமைப்பவர் எப்போதோ தனக்கு அனுப்பியிருந்த ஃபைலைத் தேடி எடுத்து எனக்குத் தட்டிவிட்டான்.

என் கம்ப்யூட்டரில் இருப்பதை எனக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாயாடி. வாயாடி எதையும் விடாது. பக்க எண்ணைப் படிக்கும், அடிக்குறிப்பைப் படிக்கும், ஒரே தலைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் அலுக்காமல் படிக்கும். நானும் மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பத்து அத்தியாயம் முடிந்திருந்தது. உள்ளதைச் சொன்னால், தங்கையை எனக்குச் சகிக்கவில்லை. அவளுக்குக் கோபமே வராது. தட்டில் எதைப் போட்டாலும் சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருப்பாள். பூந்தொட்டியை வைத்திருந்தாலும் கதை நடந்திருக்கும். ஆனால் எழுதியவன் அண்ணனாயிற்றே. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நாவலைப் பற்றி எப்படி வலிக்காமல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பதினோராம் அத்தியாயத்துக்குள் போனேன்.

அந்த அத்தியாயத்தில் தங்கை வானொலி நிலையத்துக்குப் போய் அறிவிப்பாளர் வேலைக்கான குரல் தேர்வில் கலந்துகொள்கிறாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வருகிறது. அண்ணன் வாசலிலேயே நின்று கவரைக் கிழிக்கிறான். உள்ளே, பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவின் கட்டிலருகே இருந்து தங்கை கூப்பிட்டுக் கேட்கிறாள், என்ன போட்டிருக்கு என்று. வேலைக்கு எடுத்துக்கொண்டோம், ஒன்றாம் தேதி வந்து சேருங்கள் என்று போட்டிருக்கிறது. அண்ணனின் சட்டைப்பையில் வெளியூரில் மேல்படிப்புக்கு அவனுக்குக் கிடைத்த அனுமதிக் கடிதம் இருக்கிறது. தங்கை வேலைக்குப் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? அவன் தாளைக் கையில் பிடித்தபடி, அதில் இல்லாத ஒரு கடிதத்தை வாக்கியம் வாக்கியமாக இட்டுக்கட்டிப் படிக்கிறான். "தங்கள் குரல் வளம் பாராட்டத்தக்கது. எனினும், தற்போது தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்."

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே தேர்வுக்குப் போனேன். எனக்கும் கடிதம் வந்தது. அண்ணன்தான் படித்துச் சொன்னான். அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறவில்லை. அந்த "எனினும்" எத்தனை வருடம் என் மண்டைக்குள் கிடந்து குடைந்தது என்று எனக்குத்தான் தெரியும். என் குரலில் என்ன குறை என்று யாரையும் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அடுத்த மாதமே அண்ணன் வெளியூர் போய்விட்டான். படுத்த படுக்கையாக இருந்த அம்மா கண்மூடும்வரை மூன்று வருடம் நான்தான் கூட இருந்தேன்.

உடனே முடிவுகட்டவும் பயமாக இருந்தது. எனக்கு வந்தது உண்மையிலேயே மறுப்புக் கடிதமாக இருக்கலாம். கதைக்கு ஒரு முடிச்சு வேண்டுமென்று அண்ணன் அதைத் திருப்பிப் போட்டிருக்கலாம். நாவல் எழுதுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள்தான்.

பக்கத்து நாற்காலிக்காரனை எழுப்பினேன். எதற்கும் எதிர்வாதம் பேசுவான் என்பதால் அவனை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். "இந்த ஃபைல்ல நூத்தி இருபத்தொன்பதாம் பக்கம் எப்படி இருக்குன்னு பாரேன்" என்றேன்.

"ஒண்ணுமே இல்லையே. வெறும் பக்கம். அடுத்ததும் வெறும் பக்கம்தான்... ஆறு பக்கம் அப்படியே காலியா கிடக்கு."

"காலியா? இப்பத்தானே முழுசா கேட்டேன்."

"கனவு கண்டிருப்ப" என்றான். பிறகு மவுஸைச் சொடுக்கும் சத்தம். "அடப்பாவி, இருக்கே! எழுத்தையெல்லாம் வெள்ளையாக்கி வச்சிருக்காங்க. என் மச்சான் அச்சகத்துல இதைத்தான் பண்ணுவான். எழுதினவர் ஒரு அத்தியாயத்தை வேணாம்னு சொல்லிட்டா, புதுசு வர்ற வரைக்கும் பக்கக் கணக்கு கலையக் கூடாதுன்னு இப்படி நிறத்தை மாத்தி விட்டுருவாங்க. கண்ணுக்குக் காலியா இருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் வாயாடிக்கு நிறம் ஏது" என்றான்.

அன்று மதியத்துக்குமேல் இதய சிகிச்சைப் பிரிவுக்கு வந்த அழைப்பை சலவைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அந்த அம்மாள் தன் கணவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க, அவர்கள் இன்னும் காயவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுக் கடித்துக் குதறினார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

சனிக்கிழமை அண்ணனே போன் பண்ணினான். "படிச்சிட்டியா பாப்பா? தங்கச்சி எப்படி வந்திருக்கா?"

"நாளைக்கு நேர்ல சொல்றேன்."

"நல்லாத்தானே சொல்லுவ? உன் வாய்க்கு பதிப்பாளரே பயப்படறார்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை.

ஞாயிறு நாலரை மணிக்கு வக்கீலோடு அரங்கத்துக்குப் போனேன். வாசலில் புத்தகம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பதினோராம் அத்தியாயத்தைக் கொஞ்சம் படித்துக்காட்டச் சொன்னேன். அவள் பொறுமையாகப் படித்தாள். அச்சில் வந்த கதை வேறு. கடிதம் மறுப்புக் கடிதமேதான். அதைப் படித்த அண்ணன் தங்கையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறான். தங்கைதான் அவன் தலையைக் கோதி, போனால் போகட்டும் என்று தேற்றுகிறாள். "இந்த இடத்துல எனக்கே அழுகை வந்துடுச்சு மேடம்" என்றாள் அந்தப் பெண். எனக்கு வயிறு எரிந்தது.

மேடைக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில் அண்ணன் தனியாக இருந்தான். பேனாவைத் தட்டித் தட்டித் திறந்து மூடும் அவன் பழக்கம் காதில் விழுந்தது. வக்கீலை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணா, பதினோராம் அத்தியாயம்" என்றேன்.

"அழுதுட்டியா? படிச்சவங்க எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொல்றாங்க."

"எந்தப் பதினோராம் அத்தியாயம்? வாசல்ல விக்கிறதா, நீ எனக்கு அனுப்பின ஃபைல்ல இருக்கிறதா?"

பேனா நின்றது.

"அது பழைய ஃபைலா? அதுல அந்த இடம் காலியாத்தானே இருந்துச்சு" என்றான் மெல்ல.

"உன் கண்ணுக்குக் காலி. எனக்கு ஒரு வரி விடாம படிச்சுச்சு."

அவன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "கற்பனை பாப்பா. முதல்ல அப்படி எழுதிப் பார்த்தேன். அப்புறம் சரியா வரலைன்னு எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்த? முழு நாவல்லயும் அது ஒண்ணுதான் உருப்படியான அத்தியாயம். மத்தவங்க நாவலா இருந்தா இதைத்தான் சொல்லுவேன், உன்கிட்டயும் சொல்றேன்."

"அண்ணன்காரன் ரொம்பக் கெட்டவனாத் தெரியறான்."

"கற்பனைதானே, தெரிஞ்சா என்ன?"

அவன் மறுபடி பேனாவைத் தட்ட ஆரம்பித்தான்.

"அண்ணா, எனக்கு வந்த லெட்டர்ல என்ன இருந்துச்சு?"

கதவு திறந்தது. அண்ணிதான். "அண்ணனும் தங்கச்சியும் இங்க உட்கார்ந்து என்ன ரகசியம் பேசறீங்க? கூட்டம் நிறைஞ்சாச்சு, சீக்கிரம் வாங்க." அவ்வளவு சந்தோஷமான குரலில் அண்ணி பேசி நான் கேட்டதில்லை. "இதோ வந்துட்டோம்" என்றான் அண்ணன். கதவு மூடியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாம் பாப்பா. அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நாளைக்கு வீட்டுக்கு வந்து நீ என்ன கேட்டாலும் சொல்றேன். உன் கால்ல விழறேன்."

எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. கையை உருவிக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன், அல்லது சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். எதுவானாலும் அதை நான் முடிவுசெய்திருப்பேன். அதைக்கூட அவன் எனக்கு விடவில்லை. பன்னிரண்டு வருடம் என் குரலைப் பற்றியே எனக்கு ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறான். அதைப் புத்தகமாகப் போட்டு, நல்லதாக நாலு வார்த்தை பேச என்னையே கூப்பிட்டும் இருக்கிறான்.

மேடையில் என்னை அறிமுகப்படுத்தியவர் என் நாக்கைப் பற்றி ஒரு ஜோக் அடித்தார். கூட்டம் சிரித்தது. மைக்கை வாங்கினேன்.

"நான் நாவலைப் பத்தி உள்ளதைச் சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும்" என்று தொடங்கினேன். "இந்த நாவல்ல வீடு நல்லா வந்திருக்கு. அம்மா நல்லா வந்திருக்காங்க. மருந்து வாசனைகூட வருது. தங்கச்சி மட்டும் பொய். இப்படி ஒரு பொண்ணை நான் பார்த்ததில்ல." கூட்டம் பலமாகச் சிரித்தது. "பார்வை இல்லாதவளுக்குக் கோபம் வரும். ஆசை வரும். ஒருத்தன் தன்னை ஏமாத்தினா வயிறு எரியும். அவளை நல்லவளாவே வச்சுக்கிட்டா எழுதறவருக்கு வசதி, அவ எதையும் கேக்க மாட்டா."

சிரிப்பு குறைந்துவிட்டது. எனக்கு இடப்பக்கம் அண்ணன் மூச்சுவிடுவது கேட்டது.

"பதினோராம் அத்தியாயத்துல ஒரு லெட்டர் வருது. அதை ஆசிரியர் முதல்ல வேற மாதிரி எழுதியிருந்தார். அதுதான் நாவல்லயே சிறந்த இடம். அச்சுல அது இல்ல. அந்த லெட்டரை அவர் வாயாலயே கேக்க ஆசைப்படறேன்."

மைக்கை அவன் பக்கம் நீட்டினேன். வெகுநேரம் யாரும் வாங்கவில்லை. அவன் இருமினான், தண்ணீர் குடித்தான். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இன்னொரு பொய்யை இட்டுக்கட்ட அவனுக்கு அந்த நேரம் போதும் என்று எனக்குத் தெரியும். அவன் பக்கம் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உள்ளது உள்ளபடி படிண்ணா" என்றேன்.

மைக் என் கையை விட்டுப் போனது.

"அன்புடையீர்" என்று ஆரம்பித்தான். தாள் சரசரக்கும் சத்தம் எதுவும் இல்லை. "கடந்த மாதம் பதினேழாம் தேதி நடைபெற்ற குரல் தேர்வில், கலந்துகொண்ட நூற்று நாற்பது பேரில் தாங்கள் முதலிடம் பெற்றுள்ளீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். வரும் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு..."

முதலிடம். அது அவன் எழுதிய எந்த அத்தியாயத்திலும் இல்லை. வெள்ளை எழுத்திலும் அதை எழுத அவனுக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவிவரைக்கும் தங்குதடை இல்லாமல் சொல்லி முடித்தான். கடைசி வரியில்தான் குரல் உடைந்தது.

முன்வரிசையில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அடுத்தவர் சேர்ந்துகொண்டார். அரங்கமே தட்டியது. "என்னமா நடிச்சுப் படிக்கிறாரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அண்ணியின் வளையல் சத்தமும் அதில் கேட்டது.

மைக் அவனிடமே இருந்தது. நான் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கை தட்டாதீங்க. அது எனக்கு வந்த லெட்டர்."